பெரிய மாதிரி ரயில் லேஅவுட் கட்டுவதும் ஓட்டுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதிரி ரயில் லேஅவுட்டை (தண்டவாளம், நிலையம், மலை எல்லாம் சிறிய அளவில் சேர்த்துக் கட்டும் அமைப்பை)ப் பார்க்க வருபவர்களும், தாங்களே ஒன்று கட்ட நினைப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்கிறேன்: செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை, அதுவும் மீட்டர் கேஜ் காலத்தில். 1904-ல் திறந்து, 2010-ல் அகலப்பாதைப் பணிக்காக மூடும் வரை ஓடிய பாதை அது. மாதிரி ரயில் கட்டுபவருக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது? என்ஜின் வாங்குவதா, மேசை போடுவதா?

இரண்டும் வேண்டாம். முதலில் ஓர் இடத்தையும் ஓர் ஆண்டையும் தேர்ந்தெடுங்கள். "இந்திய ரயில்வே" என்று பொதுவாக நினைத்துக்கொண்டு கட்டினால், ஒரு பக்கம் நீராவி என்ஜின், இன்னொரு பக்கம் வந்தே பாரத், நடுவில் ஐரோப்பிய வீடு என்று கடையின் காட்சி அலமாரி மாதிரி ஆகிவிடும். "செங்கோட்டை, 1990-களின் நடுவில், தென்மேற்குப் பருவமழை முடிந்த வாரம்" என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு அதுவே பதில். என்ஜின் ஒய்.டி.எம்-4 டீசல். சிக்னல் கைகாட்டி. மேற்குச் சரிவில் ரப்பர் தோட்டமும் தேக்கும், கிழக்கே வயலும் தென்னையும். புல்லின் நிறம்கூடத் தெரிந்துவிடும்.

1970-களைத் தேர்ந்தெடுத்தால் ஒய்.ஜி., ஒய்.பி. நீராவி என்ஜின்கள் வரும். அதோடு கரி, தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி எல்லாம் வேண்டும். அழகு அதிகம், வேலையும் அதிகம். ஒரே லேஅவுட்டில் இரண்டு காலமும் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள்.

எந்த அளவு நல்லது? எச்.ஓ.வா, என்.னா, ஓ.ஓ.வா?

எச்.ஓ. என்பது 1:87, அதாவது நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. அதன் தண்டவாள அகலம் 16.5 மி.மீ. என். அளவு பொதுவாக 1:160, அகலம் 9 மி.மீ. பிரிட்டனில் பரவலான ஓ.ஓ. 1:76, ஆனால் அதுவும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில்தான் ஓடுகிறது.

இந்திய ரயில் செய்பவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. 1:87-ல் அது 19.3 மி.மீ. வர வேண்டும். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளமோ 1435 மி.மீ. உலகப் பொதுப் பாதைக்காகச் செய்தது. அதன் மேல் நம் பெட்டியை வைத்தால் அகன்ற உடம்பும் நெருங்கிய சக்கரமுமாக நிற்கும். பலர் இதை ஏற்றுக்கொண்டுதான் கட்டுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது தெரிவதில்லை, நேர் எதிரே நின்றால் தெரியும்.

மீட்டர் கேஜில் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை. 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. ஐரோப்பிய மீட்டர் கேஜ் மாதிரிகளுக்காக 12 மி.மீ. தண்டவாளம் ஏற்கெனவே விற்பனையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் ரேட்டியன் ரயில்வே மாதிரிகளைச் செய்யும் பெமோ நிறுவனத்தின் தண்டவாளம் இந்த அகலம்தான். 1:120 அளவான டி.டி. மாதிரிகளும் 12 மி.மீ.யில் ஓடுவதால், அவற்றின் அடிச்சட்டத்தை எடுத்து அதன் மேல் முப்பரிமாண அச்சில் வார்த்த ஒய்.டி.எம்-4 உடம்பைப் பொருத்த வழி இருக்கிறது. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

நீளத்தையும் கணக்கில் எடுங்கள். சென்னைப் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். செய்த அகலப்பாதைப் பெட்டி 21.3 மீட்டர். 1:87-ல் 24.5 செ.மீ. 18 பெட்டி எக்ஸ்பிரஸ் என்றால் பெட்டிகளுக்கே 4.4 மீட்டர் போய்விடும். மீட்டர் கேஜ் பெட்டி சுமார் 22 செ.மீ. ஆறு பெட்டியும் முன்னும் பின்னும் ஓர் என்ஜினும் சேர்த்தாலும் 1.75 மீட்டருக்குள் முடியும். வீட்டில் கட்டுபவர்களுக்கு மீட்டர் கேஜை நான் விடாமல் பரிந்துரைப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

எவ்வளவு இடம் வேண்டும்? 49 கிலோமீட்டரை ஓர் அறைக்குள் எப்படி அடக்குவது?

அடக்க முடியாது. செங்கோட்டையிலிருந்து புனலூர் வரையுள்ள சுமார் 49 கி.மீ., 1:87-ல் 560 மீட்டருக்கு மேல் வரும். 30 அடிக்கு 16 அடி மாடி அறை ஒன்று இருந்தால், சுவரோரமாகச் சுற்றி, நடுவில் ஒரு நீட்டலும் விட்டு, 35 முதல் 40 மீட்டர் முதன்மைப் பாதை போடலாம். ஆகவே எதைச் சுருக்குவது என்று யோசிக்காதீர்கள், எதை விடுவது என்று யோசியுங்கள். எல்லா நிலையத்தையும் கொஞ்சம் கொஞ்சம் காட்டப் போனால் எதுவுமே அதுவாக இருக்காது.

என் தேர்வு இப்படி இருக்கும்: செங்கோட்டை யார்டு, பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் இடையிலுள்ள நீளமான சுரங்கப்பாதை, ஆரியங்காவு நிலையம், கழுத்துருட்டிப் பக்கம் இருக்கும் பதின்மூன்று கண் பாலம், தென்மலை. எடப்பாளையம், ஒற்றைக்கல், எடமண் மூன்றையும் விட்டுவிடலாம். தென்மலைக்கு அப்பால் ரயில் ஒரு மரக்கூட்டத்துக்குள் மறைந்து "புனலூருக்கு"ப் போய்விடும். செங்கோட்டைக்குக் கிழக்கே "தென்காசிக்கு"ப் போகும். இரண்டு முனையிலும் திரைக்குப் பின்னால், பார்ப்பவர் கண்ணில் படாமல் நாலைந்து தடங்கள் கொண்ட மறைவு யார்டு ஒவ்வொன்று கட்டாயம் வேண்டும். நிஜ ரயில் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிறது. மறைவு யார்டு இல்லாத லேஅவுட்டில் வண்டி வட்டம்தான் சுற்றும்.

பதின்மூன்று கண் பாலத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி. அந்தக் கருங்கல் பாலம் சுமார் 100 மீட்டர் நீளம்தான். 1:87-ல் ஒன்றேகால் மீட்டருக்குள் வந்துவிடும். அதை ஒரு கண்கூடக் குறைக்காமல் முழு அளவில் கட்டுங்கள். லேஅவுட்டில் ஒரு பொருளாவது சுருக்கப்படாமல் முழுதாக நின்றால், சுற்றியுள்ள சுருக்கங்களையும் கண் நம்பிவிடும்.

சரிவு எவ்வளவு வைக்கலாம்?

2 சதவீதம் நிம்மதி, 2.5 வரை போகலாம், 3-ஐத் தொட்டால் ஒவ்வொரு வண்டிக்கும் கவலைப்பட வேண்டியிருக்கும். 2 சதவீதம் என்றால் 1 மீட்டருக்கு 2 செ.மீ. ஏற்றம். வளைவிலேயே ஏறும்போது இழுவை இன்னும் கூடும் என்பதால், வளைவுள்ள இடத்தில் சரிவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாதை ஆரியங்காவுக் கணவாய்க்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறுகிறது. ஆகவே செங்கோட்டையைத் தரையிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் வைத்து, 8 மீட்டர் ஓட்டத்தில் 16 செ.மீ. ஏற்றி, 141-ல் உச்சியை வைக்கலாம். அங்கிருந்து 12 மீட்டர் இறங்கினால் தென்மலைக்கு அப்பால் 117 செ.மீ.க்கு வந்துவிடும். பெரியவர்களின் மார்பு உயரம் என்பதால் ரயிலை மேலிருந்து பார்க்காமல் பக்கத்தில் நின்று பார்ப்பது போலிருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு முக்காலி போடுங்கள்.

மறைவு யார்டைக் கீழ்த்தட்டில் வைக்க வேண்டுமானால் சுருள்பாதை தேவைப்படும். 70 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 4.4 மீட்டர். சுற்றுக்கு 9 செ.மீ. ஏற்றினால் சரிவு 2 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். 9 செ.மீ.க்குக் குறைத்தால், பலகையின் தடிமனும் தண்டவாள உயரமும் போக, தடம்புரண்ட பெட்டியைக் கைவிட்டு எடுக்க இடம் இருக்காது.

வளைவின் ஆரம்?

மிக நீளமான பெட்டியின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால் வண்டி ஓடும். ஐந்து மடங்கு இருந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும். 22 செ.மீ. பெட்டிக்கு 66 செ.மீ. குறைந்தபட்சம், 110 செ.மீ. அழகு. மறைவிடத்தில் முதலாவதை வையுங்கள், கண்முன் இரண்டாவதை. நேர்த்தடத்திலிருந்து வளைவுக்கு ஒரேயடியாகத் திரும்பாமல், 20–30 செ.மீ. நீளத்துக்கு மெல்ல மெல்ல வளையட்டும். ரயில் வளைவுக்குள் நுழையும்போது தெரியும் அந்தக் கனம் இதனால்தான் வருகிறது. சிக்கலான அலங்காரம் எதுவும் தராத உண்மைத் தோற்றத்தை இந்த ஒரு வேலை தரும்.

அடித்தளம் எதில் போடுவது? நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் எது தாங்கும்?

நம் வீடுகளில் கரையானும் ஈரக்காற்றும்தான் முதல் எதிரிகள். சட்டத்துக்கு அலுமினியச் சதுரக் குழாய் போடுங்கள். மேலே 12 மி.மீ. மரைன் பிளைவுட். சாதாரணப் பலகையும் துகள்பலகையும் ஒரு மழைக்காலத்திலேயே உப்பிவிடும். வெட்டிய விளிம்புகளில் பெயின்ட் அடிக்காமல் விட்டால் ஈரம் அங்கேதான் புகும். அதனால் மேல்பக்கம், அடிப்பக்கம், விளிம்பு எல்லாவற்றுக்கும் பிரைமர் பூசுங்கள்.

தண்டவாளம் வெயிலில் நீளும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். 10 மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி சூட்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில்தான் நீளும். அதைவிட மரம் ஈரத்தில் விரிந்து, வறட்சியில் சுருங்குவதே அதிகத் தொல்லை. இரண்டுக்கும் சேர்த்து, சில தண்டவாளத் துண்டுகளுக்கு ஒருமுறை மெல்லிய இடைவெளி விட்டு, அங்கே மட்டும் ஈயம் வைக்காமல் விடுங்கள். மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள அறை என்றால் மேற்கூரைக்கு வெப்பத்தடுப்பு போட்ட பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

கைக்கு எட்டாத இடம் எதையும் வைக்காதீர்கள். விளிம்பிலிருந்து 75 செ.மீ.க்கு மேல் ஆழம் போனால், அங்கே தடம்புரளும் வண்டியை எடுக்க முன்னால் இருக்கும் மரங்களை நசுக்கத்தான் வேண்டியிருக்கும். நடக்கும் வழியும் அதே 75 செ.மீ.யாவது இருக்கட்டும்.

டிஜிட்டல் கட்டுப்பாடு அவசியமா?

பெரிய லேஅவுட்டுக்கு ஆம். பழைய முறையில் தண்டவாளத்துக்குத் தரும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வண்டியை ஓட்டுவோம். ஒரு தடத்தில் இரண்டு என்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்து நகரும். டி.சி.சி. எனும் டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்னழுத்தம் இருக்கும். அதோடு கட்டளையும் போகும். ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் ஒரு டீகோடர் இருந்து தன் எண்ணுக்கு வந்த கட்டளையை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. இதற்குத் தரம் வகுத்தது. அதனால் ஒரு நிறுவனத்தின் டீகோடர் இன்னொரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக் கருவியோடு பேசும்.

டீகோடரில் மூன்றாம், நான்காம் எண் அமைப்புகளைக் கட்டாயம் மாற்றுங்கள். வேகமெடுப்பதையும் நிற்பதையும் மெதுவாக்குபவை அவை. கடையிலிருந்து வந்தபடியே ஓட்டினால் நூறு டன் வண்டி பொம்மையாகத் துள்ளிக் கிளம்பும்.

வயரிங்கில் எதைக் கவனிக்க வேண்டும்?

லேஅவுட்டின் கீழே முழு நீளத்துக்கும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் இரண்டு ஓடட்டும், வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே சிவப்பு, கறுப்புச் சுருள்தான். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் சிறு வயர் இறக்கி அதில் சேருங்கள். இணைப்புத் தகடுகளே மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்பாதீர்கள். ஈரக்காற்றில் அவை ஓரிரு ஆண்டிலேயே மங்கிவிடும்.

2.5 சதுர மி.மீ. வயரில் 10 மீட்டர் தூரத்துக்கு 5 ஆம்பியர் போய்த் திரும்பினால் முக்கால் வோல்ட் குறையும். பரவாயில்லை. மெல்லிய வயரில் அது 3, 4 வோல்ட் ஆகும்போது தூரத்தில் வண்டி தளர்ந்துபோவது மட்டும் பிரச்சினை இல்லை. அங்கே ஷார்ட் ஆனால், மின்சாரத்தைத் தானாக அறுக்க வேண்டிய காவல் சுவிட்ச் அதை உணராமல் போகலாம். அந்த மின்சாரம் சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கும். அதனால் வயரிங் முடிந்ததும் லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு நாணயத்தைத் தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். உடனே மின்சாரம் அறுபட வேண்டும். அறுபடாத இடத்தில் ரயில் விடாதீர்கள்.

செங்கோட்டை யார்டு, மலைப்பாதை, இரண்டு மறைவு யார்டு என நான்கு மின்பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் காவல் சுவிட்ச் வையுங்கள். ஒருவர் யார்டில் பாயின்டை (வண்டியைத் தடம் மாற்றும் தண்டவாளப் பிரிவை)த் தவறாகப் போட்டால் மலையில் ஏறிக்கொண்டிருக்கும் மெயில் நிற்கக் கூடாது.

மலைப்பாதையில் பின்னாலிருந்து தள்ளும் என்ஜினை மாதிரியில் செய்ய முடியுமா?

முடியும். இந்த லேஅவுட்டின் உயிரே அதுதான் என்று சொல்வேன். செங்கோட்டை மலைப்பாதையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஒய்.டி.எம்-4 பூட்டி வண்டியை ஏற்றினார்கள். பின்னால் தள்ளும் பேங்கரைச் சேர்ப்பதும் கழற்றுவதும் நிலையத்தில் ஒரு வேலை, ஒரு காத்திருப்பு, ஒரு காட்சி.

மாதிரியில் இது சரியாக நடக்க மூன்று விஷயங்கள் வேண்டும். முதலாவது, இரண்டு என்ஜினின் வேகமும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மீட்டர் நேர்த்தடத்தில் இரண்டையும் தனித்தனியே பல வேகப் படிகளில் ஓட்டி, டீகோடரின் வேக அட்டவணையைத் திருத்தி ஒன்றாக்குங்கள். பின் என்ஜினை ஒரு நூலளவு மெதுவாக வைப்பது பாதுகாப்பு. அது வேகமாகத் தள்ளினால் நடுப்பெட்டிகள் வளைவில் வெளியே பிதுங்கும்.

இரண்டாவது எடை. எச்.ஓ. பெட்டிக்கு என்.எம்.ஆர்.ஏ. சொல்லும் கணக்கு 1 அவுன்ஸ், கூடவே நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 22 செ.மீ. பெட்டிக்கு அது 150 கிராம் வரும். எல்லாப் பெட்டியும் ஒரே எடையில் இருக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். எட்டுப் பெட்டியில் ஒன்று மட்டும் இலேசாக இருந்தால் தடம்புரள்வது அதுதான். கூரைக்கு அடியில் வைக்காமல் தரையோடு ஒட்டி ஈயத் தகடு வையுங்கள்.

மூன்றாவது தடம். இடவளைவிலிருந்து உடனே வலவளைவுக்குத் திரும்பும் இடத்தில், நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் இருக்கட்டும். தள்ளப்படும் வண்டிக்கு இந்தச் சிறு துண்டு பெரிய உதவி.

இரண்டு என்ஜினையும் ஒரே கட்டுப்பாட்டில் இணைத்தும் ஓட்டலாம். ஆனால் ஆட்கள் இருந்தால் இருவர் ஓட்டுங்கள். முன்னவர் ஹாரன் அடிக்க, பின்னவர் பதில் ஹாரன் அடித்துத் தள்ளத் தொடங்க, பெட்டிகளின் இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகி வண்டி அசையும் அந்த நொடிக்காகவே எவ்வளவு நாள் வேண்டுமானாலும் வயரிங் செய்யலாம்.

ஒலி?

ஒய்.டி.எம்-4-ன் என்ஜின் அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 குடும்பத்தைச் சேர்ந்த ஆறு சிலிண்டர் இயந்திரம். ஆல்கோ ஒலியோடு டீகோடர்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒலியளவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து வையுங்கள். மலைக்கு அந்தப் பக்கம் வரும் வண்டி இந்தப் பக்கம் கேட்கக் கூடாது. கிட்டே வரும்போதுதான் கேட்க வேண்டும்.

எந்த வேகத்தில் ஓட்டுவது?

நினைப்பதைவிட மெதுவாக. மணிக்கு 60 கி.மீ. என்பது 1:87-ல் நொடிக்கு 19 செ.மீ. மலையில் 30 கி.மீ. என்றால் நொடிக்குப் பத்து செ.மீ.கூட இல்லை. பதின்மூன்று கண் பாலத்தை என்ஜின் கடக்க 12 நொடி ஆகும். கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள். பெரும்பாலான லேஅவுட்களில் வண்டிகள் நிஜத்தைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் ஓடுகின்றன. எவ்வளவு அழகாகக் காட்சி அமைத்திருந்தாலும் அந்த வேகம் அதைப் பொம்மையாக்கிவிடுகிறது.

மலையும் மரமும் எப்படிச் செய்வது?

மலைக்குத் தெர்மாகோல் அடுக்கி, கத்தியால் செதுக்கி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தோய்த்த துணி போர்த்துங்கள். தெர்மாகோலை ஒட்ட வெள்ளைப் பசைதான் சரி. கரைப்பான் கலந்த பசை அதைத் தின்றுவிடும்.

மண்ணுக்கு மண்ணே நல்லது. செம்மண்ணைக் காயவைத்து, மெல்லிய துணியில் சலித்து, காந்தத்தை அதன் மேல் ஓட்டுங்கள். இரும்புத் துகள் ஒட்டும். அதை எடுக்காமல் தூவினால் நாளைக்கு என்ஜின் மோட்டாரின் காந்தம் இழுத்துக்கொள்ளும். வறுத்த மரத்தூள், சாயமேற்றிய தேங்காய் நார்த்தூள், காயவைத்த தேயிலைத்தூள் மூன்றும் காட்டுத் தரைக்கு அருமையாகப் பொருந்தும். சரளைக்கற்களை நீளமாகச் சீராகப் பரப்பாதீர்கள். மீட்டர் கேஜ் கடைசிக் காலத்தில் சரளை மெலிந்து புல் முளைத்திருந்தது. தண்டவாளத்தின் பக்கங்களுக்குத் துருப்பழுப்பு அடித்து, மேல்பரப்பை மட்டும் துடைத்துவிடுங்கள்.

மரங்களின் உயரத்தில் எல்லோரும் கஞ்சம் செய்கிறார்கள். 20 மீட்டர் தேக்கு 1:87-ல் 23 செ.மீ. ரயில் பெட்டியை நிமிர்த்தி வைத்த உயரம்! பின்னால் இருப்பவை சிறிதாகலாம், ஆனால் பாதையோரத்தில் சிலவாவது அந்த உயரத்தில் நின்றால்தான் ரயில் காட்டுக்குள் போவதாகத் தெரியும். மெல்லிய செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம் செய்து, நாரை ஒட்டி, இலைத்தூள் தூவுங்கள். ரப்பர் மரங்களை வரிசை பிசகாமல் நடுங்கள். தோட்டத்தின் அந்த ஒழுங்கும் காட்டின் ஒழுங்கின்மையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் தென்மலையின் முகம்.

சுரங்கப்பாதையின் இரு வாயிலும் ஒரே பச்சையாக இருக்கக் கூடாது. ஆரியங்காவுப் பக்கம் கரும்பச்சை, பாசி படிந்த கல், ஈரம். பகவதிபுரம் பக்கம் வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிச்சம். வண்டி மலைக்குள் நுழைந்து வேறொரு வானத்தின் கீழ் வெளியே வருவதைப் பார்ப்பவர் உணர வேண்டும். விளக்கின் நிறத்தைக்கூட இரு பக்கமும் சற்று மாற்றிப் பாருங்கள்.

மனிதர்கள், நிலையக் கட்டடம், பெயர்ப்பலகை?

வெளிநாட்டு 1:87 உருவங்களை வாங்கி, டிஷ்யூ தாளில் வேட்டியும் சேலையும் ஒட்டி, மறுபடி வண்ணம் தீட்டுங்கள். ஒரு மனிதர் 19 மி.மீ. உயரம்தான் என்பதால் முகம் முக்கியமில்லை, நிற்கும் விதம் முக்கியம். ஓடும் உருவம் வேண்டாம். எப்போதும் ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருப்பவர் கண்ணை உறுத்துவார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், தூணில் சாய்ந்தவர், மூட்டை மேல் தூங்குபவர் போதும்.

பெயர்ப்பலகை மஞ்சளில் கறுப்பு எழுத்து, கீழே கடல்மட்ட உயரம். செங்கோட்டையில் தமிழ், தென்மலையில் மலையாளம். பெட்டிகளையும் என்ஜின்களையும் அளந்து பார்க்க வேண்டுமானால் சென்னையில் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு ஒரு டேப்போடு போங்கள். புகைப்படத்தில் கிடைக்காத சின்னச் சின்ன அளவுகள் அங்கே கிடைக்கும்.

கட்டி முடித்த பிறகு என்ன செய்வது? சும்மா சுற்றவிடுவதா?

அதிகம் பேர் கேட்காத, ஆனால் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. லேஅவுட்டை ரயில்வே நடத்துவதுபோல நடத்துங்கள். அமெரிக்காவில் ஃபிராங்க் எலிசன் தன் டெல்டா லைன்ஸ் லேஅவுட்டை நாடகத்தோடு ஒப்பிட்டார்: காட்சியமைப்பு மேடை, வண்டிகள் நடிகர்கள், கால அட்டவணை கதை. என் அனுபவத்தில் பார்ப்பவர்களின் கண் காட்சியில் சில நிமிடம் நிற்கிறது. "எதிர்வண்டி வரும்வரை இது ஆரியங்காவில் நிற்க வேண்டும்" என்று சொன்னதும் அரை மணி நேரம் நகராமல் நிற்கிறார்கள்.

ஒற்றைத் தடம் என்பதால் டோக்கன்தான் இதன் நடுநாயகம். நம் ரயில்வேயில் நீல் பந்து டோக்கன் கருவி நெடுங்காலம் இருந்தது. இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி, மின்கம்பியால் இணைந்தவை. இரண்டு நிலையத்தாரும் ஒப்புக்கொண்டால்தான் ஒரு பந்து வெளியே வரும். அது மறுமுனைக் கருவிக்குள் போகும்வரை இன்னொரு பந்து வராது. பந்தைத் தோல் பையிலிட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். பந்து கையில் இல்லாமல் வண்டி நகராது.

மாதிரியில் எளிய வடிவம் இது: ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே ஒரு பித்தளைப் பந்து, லேஅவுட்டின் முன்பலகையில் அதற்கொரு குழி. வண்டியை ஓட்டுபவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியோடு நடந்து, அடுத்த நிலையக்காரரிடம் தருவார். மின்சாரம் தெரிந்தவர்கள் ஆர்டுயினோ எனும் சிறு கணினிப் பலகை வைத்து நிஜக் கருவியைப்போலப் பூட்டும் மணியும் சேர்க்கலாம். மணியோசையில் பேசிக்கொள்ளும் இரண்டு நிலையத்தார் கிடைத்துவிட்டால், வாய்ப்பேச்சே தேவைப்படாது.

நேரத்துக்கு வேகக் கடிகாரம், அதாவது நிஜ நேரத்தைவிட வேகமாக ஓடும் கடிகாரம் ஒன்று வேண்டும். இரண்டு நிலையத்துக்கு இடையே 6 மீட்டர் என்றால், 30 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நிமிடத்தில் வந்துவிடும். நிஜத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். கடிகாரத்தைப் பத்து மடங்கு ஓட்டினால் பாதைக்குச் சரி, ஆனால் பேங்கரைக் கழற்றி, லூப்பில் (நிலையத்தின் பக்கத்தடத்தில்) விட்டு, திருப்பி அனுப்பும் வேலைக்கு நேரமே போதாது. அதனால் நான்கு மடங்கில் வைப்பது இரண்டுக்கும் ஒத்துவரும் நடுவழி.

லூப்பின் நீளத்தைக் கடைசியாகச் சொல்கிறேன், ஆனால் தண்டவாளம் போடும் முன்பே முடிவாக வேண்டியது. 1.75 மீட்டர் வண்டிக்கு, பாயின்டுகள் போக 2 மீட்டர் சுத்தமான இடம் ஆரியங்காவில் வேண்டும். இரண்டு வண்டியும் லூப்பைவிட நீளமாகிவிட்டால் ஒன்றையொன்று கடக்க முடியாது, கால அட்டவணை அதோடு முடிந்தது.

எத்தனை பேர் வேண்டும்?

இந்த லேஅவுட்டை ஐந்து பேர் நிறைவாக ஓட்டலாம்: செங்கோட்டை, ஆரியங்காவு, தென்மலை நிலையத்தார் மூவர், டிரைவர்கள் இருவர். தனி ஆளாகவும் ஓட்டலாம், ஒரு நேரத்தில் ஒரு வண்டி. அதில் வேறுவிதமான அமைதி இருக்கிறது.

கணினியே ஓட்டட்டும் என்றால்?

ஹாம்பர்கில் பிரவுன் சகோதரர்கள் 2001-ல் திறந்த மினியாட்டுர் வுண்டர்லாண்ட் அப்படித்தான் ஓடுகிறது. எச்.ஓ. அளவில் பல நூறு ரயில்கள், சாலையில் தானாக ஓடும் கார்கள், 2011-ல் சேர்த்த விமான நிலையம், சில நிமிடங்களுக்கு ஒருமுறை பகலும் இரவும். கட்டணம் கொடுத்து வருபவர்களுக்கு நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதால் கணினி அங்கே தவிர்க்க முடியாதது. வீட்டில், மறைவு யார்டை மட்டும் கணினியிடம் கொடுங்கள். ஜே.எம்.ஆர்.ஐ. என்ற இலவச மென்பொருளே போதும். எந்தத் தடத்தில் வண்டி நிற்கிறது என்று அறிய, மின்னோட்டம் உணரும் கருவி வேண்டும். பெட்டிகளின் அச்சில் 10 கிலோஓம் மின்தடை ஒன்று ஒட்டினால், என்ஜின் இல்லாத பெட்டியையும் அது உணரும். கண்ணுக்குத் தெரியும் பாதையைக் கையால் ஓட்டுங்கள்.

பராமரிப்பு எப்படி?

தண்டவாளத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம். அது விடும் கீறல்களில் அழுக்கு தங்கி இன்னும் சீக்கிரம் கறுக்கும். பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகமாக மாற்றினால் பாதி அழுக்கு குறையும். ஓடாத நாட்களில் மெல்லிய பருத்தித் துணி போர்த்துங்கள். பிளாஸ்டிக் விரிப்பு ஈரத்தை உள்ளே அடைத்துவிடும். பல்லி எச்சம் காய்வதற்குள் துடைக்க வேண்டும், தண்டவாளத்தில் காய்ந்தால் மின்சாரம் தடைப்படும். ஜன்னலில் வலை அடித்து, சுவரில் ஏறும் குழாய் ஓட்டைகளை அடைத்தால் பல்லியும் எறும்பும் குறையும்.

ஓட்டும் நாளில் பழுதான வண்டியைக் கையோடு எடுத்து, குறிப்புச் சீட்டு வைத்துத் தனிப்பெட்டியில் போடுங்கள். "இன்னொரு முறை பார்ப்போம்" என்று தடத்திலேயே விட்ட வண்டி அன்றைய அட்டவணை முழுவதையும் கெடுத்துவிடும்.

செலவை எந்த வரிசையில் செய்வது?

தண்டவாளம், பாயின்ட், வயரிங், கட்டுப்பாட்டுக் கருவி. இவற்றில் மலிவு பார்க்காதீர்கள், பின்னால் தோண்டி மாற்ற முடியாது. என்ஜின் இரண்டு நல்லதாகப் போதும். கட்டடம், மரம், மலை எல்லாம் கைவேலை, அதற்குப் பணத்தைவிட நேரம்தான் வேண்டும். முதலில் ஆரியங்காவு நிலையத்தை மட்டும் 8 அடிப் பலகையில் முழுமையாக, புல் வரைக்கும் முடித்து ஓட்டிப் பாருங்கள். அதில் உங்களுக்குப் பிடிக்காதது எதுவோ அது 40 மீட்டருக்கும் வராமல் தடுக்கலாம்.

வீடு மாற நேர்ந்தால்?

4 அடி, 6 அடித் துண்டுகளாகச் சட்டம் போட்டு, போல்ட்டால் இணைத்துக் கட்டுங்கள். துண்டுகள் சேரும் இடத்தில் தண்டவாளம் செங்குத்தாக வெட்டப்பட்டு, கீழே வயருக்குப் பிளக் இருக்கட்டும். அந்த இடத்தில் பாயின்டோ பாலமோ வரக் கூடாது.

படமும் எடுத்து வையுங்கள். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஜான் ஆலன் கட்டிய கோரி அண்ட் டிஃபீட்டட் லேஅவுட், 1973 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களுக்குள் தீயில் போய்விட்டது. அவர் எடுத்த புகைப்படங்கள் இருப்பதால்தான் இன்றும் பலர் அதைப் பார்த்துக் கற்கிறார்கள். வயரிங் வரைபடத்தின் ஒரு நகலை லேஅவுட் அறைக்கு வெளியே வையுங்கள். ஒரு தீயணைப்பான் வாசலருகில் இருக்கட்டும், அறையை விட்டு வரும்போது முதன்மைச் சுவிட்சை அணையுங்கள்.

இந்தப் பாதையில் இப்போதும் ரயில் ஓடுகிறதா?

ஓடுகிறது. 2018-ல் அகலப்பாதையாகத் திறந்தது. பாலமும் சுரங்கமும் இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. கொல்லம்–மதுரை நெடுஞ்சாலை பதின்மூன்று கண் பாலத்தின் பக்கத்திலேயே போகிறது. சாலையில் நின்றே கற்களின் நிறத்தைக் காலையிலும் மாலையிலும் குறித்துக்கொள்ளலாம். வண்ண அட்டை ஒன்று கொண்டுபோங்கள். கைபேசிக் கேமரா பாசிப் பச்சையைச் சரியாகக் காட்டாது.